எஞ்சின் நின்றது, கேமரா ஓடியது

2021 நவம்பர் 24 அன்று கலிஃபோர்னியாவின் லோம்போக் நகர விமான நிலையத்திலிருந்து ஒரு பழைய டெய்லர்கிராஃப்ட் பி.எல்.-65 கிளம்பியது. இரண்டு இருக்கை, 65 குதிரைத்திறன், துணி போர்த்திய இறக்கை. ஓட்டியவர் ட்ரெவர் ஜேக்கப். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஸ்னோபோர்டு போட்டியில் இறங்கியவர், பிறகு யூடியூபில் பெயர் எடுத்தவர். போக வேண்டிய ஊர் மம்மத் லேக்ஸ். கிளம்பிச் சுமார் 35 நிமிடத்தில், லாஸ் பாட்ரேஸ் தேசிய வனத்துக்கு மேலே, எஞ்சின் நின்றுவிட்டதாகச் சொல்லி, கையில் செல்ஃபி ஸ்டிக்கோடு அவர் பாராசூட்டில் குதித்தார். விமானம் ஆளில்லாமல் போய் மலைப்புதரில் மோதியது. டிசம்பர் 23 அன்று அந்த வீடியோ யூடியூபில் ஏறியது.

பொதுமக்கள் வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். எஞ்சின் நிற்பதற்கு முன்பே இடப்பக்கக் கதவு ஏன் திறக்கிறது? சாதாரண ஊர்ப்பயணத்துக்குப் பாராசூட் எதற்கு? இறக்கையிலும் வாலிலும் எதற்கு இத்தனை கேமரா? எஞ்சினை மறுபடி ஓடவைக்க ஒரு கைகூட அசையவில்லையே? அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. 2022 ஏப்ரலில் அவருடைய உரிமத்தை ரத்து செய்தபோது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் காரணங்களாக எழுதியது. மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டி ப்ரொப்பல்லரைக் காற்றால் சுழலவிட முயலவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிடவில்லை. சறுக்கிப்போய்ச் சேரக்கூடிய தூரத்தில் தரையிறங்க இடங்கள் இருந்தும் தேடவில்லை. ஒரு பர்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக இந்த வீடியோவை எடுத்ததாகப் பின்னர் வழக்கில் ஒப்புக்கொண்டார்.

ஜேக்கப் ஒரு விதிவிலக்கு. வேண்டுமென்றே விமானத்தை மோதவிடுகிறவர்கள் அபூர்வம். அவர்களைத் திட்டுவதும் எளிது. யூடியூப் விமானிகளிடம் அடிக்கடி நடப்பது இதைவிடச் சாதாரணமானது. படம் வேண்டும், நண்பர்கள் வந்துவிட்டார்கள், அடுத்த வாரம் வீடியோ போட்டாக வேண்டும். இந்த நிலையில் ‘இன்று வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. மோதலின் கடைசி நிமிடம் மட்டும் திரையில் தெரிகிறது. அதைத் தீர்மானித்த முடிவு பெரும்பாலும் தரையிலேயே, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே, எடுக்கப்பட்டிருக்கும்.

முதலில், உண்மையிலேயே எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் இந்த வீடியோக்களை எடைபோட முடியாது.

ஒற்றை எஞ்சின் விமானம் எஞ்சின் நின்ற கணத்தில் கல்லாய் விழாது. உலகில் அதிகம் பறக்கும் சிறு விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். மாடலைப் பொறுத்து மணிக்கு 120 முதல் 126 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொண்டால், காற்று வீசாத நாளில், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 2.7 கிலோமீட்டர் முன்னேறலாம். தரையிலிருந்து 3,000 அடியில் எஞ்சின் நின்றால் எட்டு கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் கையில் இருக்கின்றன. நான்கு நிமிடம் என்பது ஒழுங்காகச் செலவழித்தால் நிறைய நேரம்.

செலவழிக்கும் வரிசை எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் ஒன்றுதான். முதலில் வேகம். மூக்கைத் தாழ்த்தி, சறுக்கலுக்கு உரிய வேகத்தில் நிறுத்தி, அந்த வேகம் தானாக நிற்கும்படி ட்ரிம் செய்து கையை விடுவிக்க வேண்டும். அடுத்தது இடம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த வயல் நீளம், உழவுச் சால் எந்தத் திசையில் ஓடுகிறது. சாலையைப் பார்த்ததும் ஆசை வரும், ஆனால் சாலையோரம் மின்கம்பி இருக்கும். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். ஆகவே தேட வேண்டியது கம்பத்தை. மூன்றாவதுதான் காரணம்: ஃபியூயல் செலக்டரை மற்ற டேங்குக்கு மாற்றுவது, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சரை முழுதாகத் தள்ளுவது, கார்புரேட்டர் ஹீட்டை இழுப்பது, தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் ‘இரண்டும்’ என்ற இடத்தில் இருக்கிறதா, கிளப்பும்போது கூடுதல் பெட்ரோல் ஊட்டும் ப்ரைமர் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு ரேடியோ: ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அலைவரிசை, இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5, ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண்ணான 7700.

கார்புரேட்டர் ஹீட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய விமானங்களில் காரணமே தெரியாமல் நிற்கும் எஞ்சின்களில் கணிசமானவற்றுக்கு இதுவே சந்தேகக் காரணம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான கழுத்தில் பாயும்போதும் வெப்பம் சட்டென்று இறங்குகிறது. வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால், உள்ளே பனிக்கட்டி படியும். அதைக் கரைக்கும் சூடு எஞ்சினின் புகைக்குழாயிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் புகைக்குழாய் ஆறத் தொடங்கிவிடும். அதனால் ஹீட்டை உடனே இழுத்தால்தான் பலன், இரண்டு நிமிடம் கழித்து இழுத்தால் அது வெறும் லீவர். விழுந்த பிறகு பனி உருகிப் போய்விடும் என்பதால் விசாரணையாளர்களுக்கும் தடயம் மிஞ்சாது.

இறங்குவது உறுதியான பிறகு கடைசிக் கட்டம். ஃபியூயல் அடைப்பு, மிக்சர் வெட்டு, மேக்னெட்டோ ஆஃப், ஃபிளாப் இறக்கிய பிறகு மாஸ்டர் சுவிட்ச் ஆஃப், தோள்பட்டை பெல்ட் இறுக்கம். அதோடு கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவது. மோதலில் சட்டகம் நெளிந்தால் மூடிய கதவு திறக்காமல் மாட்டிக்கொள்ளும் என்பதற்காக இந்தப் படி. ஆக, ஜேக்கப்பின் வீடியோவில் கதவு திறந்தது மட்டும் உறுத்தவில்லை. பட்டியலின் கடைசியில் வர வேண்டியது எஞ்சின் நிற்பதற்கு முன்பே வந்துவிட்டதுதான் உறுத்தியது.

தரையைத் தொடும் வேகம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் தொட்டால், உடல் தாங்கக்கூடிய 9 ஜி (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு) வேகக்குறைப்பில் நிற்க ஏறக்குறைய 2.8 மீட்டர் போதும். 160-ல் தொட்டால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. காற்றில் 80-ல் பறக்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் தரைவேகம் 60 ஆகிறது. அதே காற்றை முதுகில் வாங்கினால் 100. இரண்டுக்கும் ஆற்றலில் வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால்தான் அனுபவசாலிகள், நல்ல வயலில் வேகமாக மோதுவதைவிட மோசமான புதரில் மெதுவாக, விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்தபடி இறங்குவது மேல் என்கிறார்கள். இறக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு மரங்களுக்கு நடுவே மூக்கை விடச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். இறக்கை நசுங்கட்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் உயரம் இருக்கும்போது. கிளம்பிய உடனே, 300, 400 அடியில் எஞ்சின் நின்றால் கதையே வேறு. பின்னால் ஓடுபாதை இருக்கிறது, முன்னால் மரம். திரும்பிவிடலாம் என்று கை தானாகத் துடிக்கும். இதைத்தான் அமெரிக்க விமானிகள் ‘நடக்காத திருப்பம்’ என்கிறார்கள். 180 பாகை திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் நிற்போம். அதன் நேர்க்கோட்டுக்கு வரச் சேர்த்துத் திரும்ப வேண்டியது 260, 270 பாகை. ஏறும்போது மூக்கு உயர்ந்திருக்கும். எஞ்சின் நின்றதை மூளை நம்பவே மூன்று நான்கு விநாடி போகும். அதற்குள் வேகம் கரைந்திருக்கும். இந்த நிலையில் செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பினால் என்ன ஆகும்? நேராகப் பறக்கும்போது மணிக்கு 90 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் வலுவை இழக்கும்) விமானம், உயரத்தைப் பிடித்துக்கொண்டு 45 பாகை சாய்ந்து திரும்பினால் 107-லேயே ஸ்டால் ஆகும், 60 பாகை சாய்ந்தால் 127-ல். அதாவது சறுக்கல் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே, தரை நெருங்குகிறதே என்று ஸ்டிக்கை இழுத்தால், இறக்கை கைவிட்டுவிடும். ஒரு பக்க இறக்கை முதலில் கைவிட்டால் சுழல். 300 அடியில் சுழலிலிருந்து மீள இடமில்லை.

2023 அக்டோபர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் இறந்த இருவரில் ஒருவர் ரிச்சர்ட் மெக்ஸ்பாடன். விமான உரிமையாளர்கள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.-வின் பாதுகாப்புப் பிரிவை நடத்தியவர். ஒவ்வொரு விபத்தையும் யூடியூபில் நிதானமாக அலசி, ஆயிரக்கணக்கான விமானிகளுக்குப் பாடம் சொன்னவர். அன்று படப்பிடிப்புக்காக இரண்டு விமானங்கள் கிளம்பின. முதல் விமானம் மேலே காத்திருக்க, அவர் இருந்த செஸ்னா 177 கிளம்பியதும் எஞ்சின் வலுவிழந்து, ஓடுபாதைக்குத் திரும்பும் முயற்சியில் எட்டாமல் விழுந்தது. அவருக்கு இந்தத் திருப்பத்தின் ஆபத்து தெரியாமல் இல்லை. அறிவு இருந்தும் உயரம் போதாத இடம் ஒன்று உண்டு. அந்தச் சம்பவத்தை அவருடைய சங்கமே பிறகு அலசிப் பார்த்தது.

ஆகவே இந்தத் திருப்பத்தைப் பற்றி வாதாடுவதைவிட அளந்து வைத்துக்கொள்வது பயன்படும். 3,000, 4,000 அடி உயரத்தில் ஏறும் வேகத்தை வைத்துக்கொண்டு, பவரை முழுவதும் குறைத்து, நான்கு விநாடி சும்மா இருந்துவிட்டு, 45 பாகை சாய்ந்து 270 பாகை திரும்பி எத்தனை அடி இழந்தோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதோடு பாதியைக் கூட்டினால் வருவது, உங்கள் விமானத்துக்கு, உங்கள் கைக்கு உரிய உயரம். அதற்குக் கீழே எஞ்சின் நின்றால் நேரே முன்னால்தான், 30 பாகை இடமோ வலமோ. இதைக் கிளம்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். யூடியூபில் இந்த வாசகம் ‘போரடிக்கிறது’ என்று பெரும்பாலும் எடிட்டில் வெட்டப்படுகிறது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மாணவ விமானிகளாக இருக்கக்கூடும் என்பதை எடிட் செய்பவர் யோசிப்பதில்லை.

அடுத்தது மலைப்பகுதிக் களங்கள். ஐடஹோ மாநிலத்தின் ஜான்சன் க்ரீக் போன்ற புல் ஓடுபாதைகள் இந்த வகை வீடியோக்களின் புண்ணியத்தலம். பெரிய டயர், ஓடை, கூடாரம், காலைப் பனி. அந்தக் களம் கடல்மட்டத்திலிருந்து 4,900 அடிக்கு மேல். கோடையில் பிற்பகல் 30 டிகிரி ஆகும்போது காற்று விரிந்து லேசாகிவிடும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்துக் காற்று. கணக்கு எளிது: அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் 5 டிகிரி. அதைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் 8,000 அடிக் காற்றில் தன் வலுவில் ஏறத்தாழ கால் பங்கை இழக்கும். இறக்கைக்குத் தேவையான காற்றழுத்தம் கிடைக்கத் தரையில் கூடுதல் வேகம் வேண்டும், ப்ரொப்பல்லரும் மெலிந்த காற்றையே கடிக்கும். மூன்றும் சேர்ந்து ஓடுதூரம் நீளும், ஏற்றம் சுருங்கும்.

2012 ஜூன் 30 அன்று அதே ஐடஹோவில் ப்ரூஸ் மெடோஸ் களத்திலிருந்து நான்கு பேரோடு கிளம்பிய ஸ்டின்சன் 108 விமானத்துக்கு நடந்தது இதுதான். களம் சுமார் 6,370 அடி உயரத்தில் இருந்தது, காற்றின் அடர்த்திக் கணக்கில் 9,000 அடிக்கு மேல். விமானம் ஓடிக்கொண்டே இருந்தது, எழுந்தது, ஆனால் ஏறவில்லை. தரையோடு ஒட்டிய காற்றில் இறக்கைக்குக் கிடைக்கும் இலவச உதவி சில அடி உயரத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் ஏற எஞ்சினில் வலு இல்லை. முடிவில் மரங்களுக்குள் இறங்கியது. உள்ளிருந்தவர்கள் எடுத்த படம் உலகம் முழுவதும் ஓடியது. நான்கு பேரும் உயிரோடு வந்தது, குறைந்த வேகத்தில் மோதியதால். நல்ல வேளையாக, இந்த வீடியோ நாயகன் யார் என்று யாரும் கேட்கவில்லை; ‘காலை ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால்?’ என்பதே விமானிகள் கேட்ட கேள்வி. ஓடுபாதையின் பாதிக்கு வரும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் பவரைக் குறைத்து நின்றுவிட வேண்டும் என்பது இங்கே எல்லோரும் பிடித்துக்கொள்ளும் சுருக்க விதி. நிற்க மனம் வர வேண்டும், அவ்வளவுதான். நின்ற விமானத்தின் வீடியோவை யாரும் பார்ப்பதில்லை.

தாழப் பறத்தல் பற்றி. இதில் கேமராவின் லென்ஸே ஒரு கூட்டாளி. ஆக்‌ஷன் கேமராக்களில் இருப்பது மிக அகலக் கோண லென்ஸ். அது தொலைவில் உள்ளதைச் சிறிதாகவும் இன்னும் தள்ளியும் காட்டும். 200 அடியில் பறந்தால் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் மலைச்சரிவு, திரையில் ஆயிரம் அடிக்கு அப்பால் இருப்பது போலச் சப்பென்று இருக்கும். படம் பார்த்துவிட்டு, அடுத்த முறை இன்னும் கீழே போகத் தோன்றும். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் லென்ஸின் இந்தக் குணம் தெரியாமல் யாரும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கக் கூடாது. சூரியனுக்கு எதிரே போகும்போது கம்பி தெரியாது, ஏரியின் கண்ணாடித் தண்ணீருக்கு மேல் உயரமே தெரியாது. ஆற்றைக் குறுக்கே கடக்கும் மின்கம்பிதான் இந்த வகைப் பறத்தலின் பழைய கொலைகாரன்.

அமெரிக்கச் சட்டம் இங்கே தெளிவாகத்தான் இருக்கிறது. ஊருக்கு மேலே என்றால் 2,000 அடி ஆரத்துக்குள் உள்ள உயரமான தடைக்கு மேல் 1,000 அடி. ஊர் இல்லாத இடத்தில் 500 அடி. வெட்டவெளியில் தாழப் பறக்கலாம், ஆனால் ஆள், வாகனம், படகு, கட்டடம் எதற்கும் 500 அடிக்குள் நெருங்கக் கூடாது. ஏறவும் இறங்கவும் தேவையான அளவுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கில்தான் ட்ரென்ட் பால்மர் என்ற பிரபலமான யூடியூப் விமானி சிக்கினார். 2019 நவம்பரில் நெவாடாவில் நண்பரின் நிலத்தில் இறங்க முடியுமா என்று தாழப் பறந்து பார்த்தேன் என்றார். அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தது. அது இறங்கத் தகுந்த இடமே இல்லை, அதனால் விலக்குப் பொருந்தாது என்றது அரசுத் தரப்பு. 60 நாள் தடை என்று தொடங்கிய தீர்ப்பு மேல்முறையீட்டில் 120 நாள் ஆனது, 2024-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் மனுவை ஏற்கவில்லை. விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதால் விமானிகளில் பலர் இன்றும் அவர் பக்கம். இறங்கும் முன் களத்தைத் தாழப் பறந்து பார்ப்பது பாதுகாப்பான பழக்கம் என்று பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. வீட்டுப் பக்கத்தில் அதைச் செய்தது சரியா என்பது வேறு கேள்வி.

கேமராவும் போனும் கவனத்தைப் பிடுங்குவதற்கு மிகத் தெளிவான ஆவணம் டென்வர் அருகே வாட்கின்ஸில் 2014 மே 31 நள்ளிரவுக்குப் பின் விழுந்த செஸ்னா 150. உள்ளே இருந்த கேமராவில் விபத்துப் பறத்தல் பதிவாகவில்லை, ஆனால் அதற்கு முந்தைய பறத்தல்கள் இருந்தன. விமானியும் உடன் வந்தவர்களும் செல்ஃபி எடுக்கிறார்கள், ஃபிளாஷ் அடிக்கிறது, சில சமயம் ஏறிக்கொண்டிருக்கும்போதே. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., போன் கவனச்சிதறலாலும் தாழ்ந்த மேகத்தாலும் திசையுணர்வு இழந்து ஸ்டால் ஆகிச் சுழன்றிருக்கலாம் என்று முடிவுக்கு வந்தது. இருட்டுக்குப் பழகிய கண் ஃபிளாஷ் பட்டால் மீண்டும் பழகப் பல நிமிடம் ஆகும். தொடுவானம் தெரியாத நிலையில் மனிதக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை மேகத்துக்குள் போனது போன்ற நிலையில் வைத்துச் சோதித்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 விநாடி.

கேமராவை மாட்டும் இடமும் சாதாரண விஷயமல்ல. உறிஞ்சு மவுண்ட் பிடித்துக்கொள்வது வெளிக்காற்றின் அழுத்தத்தால். 10,000 அடியில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான், குளிரில் ரப்பரும் விறைக்கும். வெளியே ஒட்டிய கேமரா கழன்றால் நேரே வாலில் போய் அடிக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எப்படியும் ஒரு காப்புக் கயிறு வேண்டும். உள்ளே, கேமராவையும் அதன் சார்ஜரையும் காந்தத் திசைகாட்டிக்கு அருகில் வைத்தால் திசை பிசகும். கண்ணாடியில் ஒட்டினால் எதிரே வரும் விமானம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஸ்டிக், ரடர் பெடல், ட்ரிம் சக்கரம் ஆகியவற்றின் முழு அசைவையும் வயர் மாட்டிய பிறகு ஒருமுறை அசைத்துப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. நடைமுறையில் எளிய ஏற்பாடு: எல்லாக் கேமராவையும் எஞ்சின் கிளப்பும் முன்பே ஓடவிட்டு, நின்ற பிறகே தொடுவது, நடுவில் பேட்டரி தீர்ந்தால் தீரட்டும். அல்லது அதற்கென்றே ஒருவரை அழைத்துப் போவது.

எல்லாச் சிக்கலும் சாகசத்தால் வருவதல்ல. 2023 டிசம்பர் 7 அன்று டென்னசி மாநிலத்தில் ஒரு பீச்கிராஃப்ட் டெபனேர் விழுந்து, யூடியூபில் தன் பறத்தல்களைப் பகிர்ந்துவந்த விமானியும் உடன் வந்த அவருடைய தந்தையும் இறந்தார்கள். ஸ்டண்ட் எதுவும் இல்லை, ஊருக்குப் போகும் பறத்தல். விசாரணையாளர்கள் அவருடைய பழைய வீடியோக்களையும் பார்த்தார்கள். ஆட்டோபைலட்டும் ட்ரிம்மும் கைக்குப் பிடிபடாமல் அவர் தடுமாறுவது அவற்றிலேயே தெரிகிறது. பழைய ஆட்டோபைலட்கள் பலவற்றில் தானே ட்ரிம் செய்துகொள்ளும் வசதி கிடையாது. மூக்கு மேலே ட்ரிம் வேண்டுமா, கீழே வேண்டுமா என்று விளக்கைக் காட்டும், சக்கரத்தைச் சுழற்ற வேண்டியது விமானி. தப்பான பக்கம் சுழற்றினால் ஆட்டோபைலட் மோட்டார் அதை எதிர்த்துத் தள்ளும், விமானி மேலும் சுழற்றுவார், சண்டை வளரும். அந்த நிலையில் ஆட்டோபைலட்டைத் துண்டித்தால், சேர்ந்திருந்த தப்பான ட்ரிம் முழுவதும் ஒரே கணத்தில் மூக்கைத் தூக்கும் அல்லது குப்புறத் தள்ளும். வேகமான, வழவழப்பான விமானத்தில் குப்புறப் போனால் சில விநாடியில் வேகம் எல்லை தாண்டும். பார்வையாளர்கள் கருத்துப் பெட்டியில் உற்சாகம் ஊட்டிக்கொண்டிருப்பது பயிற்சியாளர் பக்கத்தில் அமர்வதற்கு ஈடாகாது.

பெரிய நிறுவனங்கள் இறங்கினாலும் விதி மாறுவதில்லை. 2022 ஏப்ரல் 24 அன்று அரிசோனாவில் லூக் ஐக்கின்ஸும் ஆண்டி ஃபாரிங்டனும், ரெட் புல் ஆதரவில், இரண்டு செஸ்னா 182-களைக் குப்புறப் பாயவிட்டு, குதித்து, ஒருவர் விமானத்துக்குள் மற்றவர் புகுவதாகத் திட்டம். விமானி இருக்கையை விட்டு எழுவதற்குக் கேட்ட விலக்கை எஃப்.ஏ.ஏ. இரண்டு நாள் முன்பே மறுத்திருந்தது. ஐக்கின்ஸ் உள்ளே போய்விட்டார். ஃபாரிங்டன் நெருங்க வேண்டிய விமானம் சுழலில் சிக்கியது, அவர் பாராசூட்டில் இறங்கினார், விமானம் நொறுங்கியது. இருவர் உரிமமும் ரத்து.

விழுந்த பிறகு என்ன தெரிய வரும் என்பதையும் பார்க்கலாம். வீடியோ எடுத்தவர்கள் நினைப்பதைவிட வீடியோ நிறையப் பேசும். ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழன்றால் விநாடிக்கு 40 சுற்று. சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக 80 ஹெர்ட்ஸ். இரண்டு இதழ் ப்ரொப்பல்லரின் ஒலியும் அதே 80. ஒலிப்பதிவைக் கணினியில் பிரித்துப் பார்த்தால், எஞ்சின் எந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஓடியது, மெல்ல இறங்கியதா, யாரோ அணைத்தது போல் வெட்டுப்பட்டதா என்று வரைபடமாக விழும். உயரமானியும் வேகமானியும் ஓரத்தில் தெரிந்தாலே போதும், எண்களைப் படித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய சாட்சி உடைந்த விமானம். சுழன்றுகொண்டே தரையில் அடித்த ப்ரொப்பல்லர் இதழ் முறுக்கி ‘எஸ்’ வடிவில் வளையும், குறுக்கே கீறல் விழும். நின்றபடி மோதியது நேராகவோ, ஒரே பக்கம் பின்னால் மடங்கியோ இருக்கும். செலக்டர் வால்வின் நிலை, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல், மேக்னெட்டோவின் வயர், ஸ்பார்க் பிளக்கின் நிறம் எல்லாம் பேசும். அதனால்தான் விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும், சிதைவைக் கலைக்காமல் காக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தில் விமானம் ஓட்டியவர் பொறுப்பு.

ஜேக்கப் விபத்தை இரண்டு நாளில் தெரிவித்தார். சிதைவைக் காப்பது அவர் பொறுப்பு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. விழுந்த இடம் தெரியாது என்றார். டிசம்பர் 10 அன்று நண்பரோடு ஹெலிகாப்டரில் போய், சிதைவைக் கட்டித் தூக்கி, லோம்போக் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து, துண்டுபோட்டுக் குப்பைத் தொட்டிகளில் போட்டார். 2023-ல் விசாரணையைத் தடுக்கும் நோக்கில் சான்றை அழித்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கவனியுங்கள், சிறைக்கு அனுப்பிய குற்றம் குதித்ததற்கானது அல்ல.

உண்மையான அவசர இறக்கத்துக்கு அமெரிக்க விதிகள் ஆச்சரியமான அளவுக்குத் தாராளமாக இருக்கின்றன. உயிரைக் காக்க எந்த விதியை மீற வேண்டுமோ அதை மீறலாம் என்று விமானிக்கே அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. கேட்டால் எழுத்தில் அறிக்கை தந்தால் போதும். விபத்து ஆகாத, தெரியாமல் செய்த மீறல்களுக்கு நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில் 10 நாளுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், மீறல் உறுதியானாலும் உரிமத் தடை விதிக்கப்படாமல் தப்பலாம். விபத்துக்கும் குற்றச் செயலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. வேண்டுமென்றே செய்ததற்கும் கிடையாது. வேண்டுமென்றே செய்தாரா என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்பது, பெரும்பாலும், அவரே எடிட் செய்து பதிவேற்றிய வீடியோதான்.